பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா?

(டெல்லியில் உழைத்துப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்களின் இளைஞர்களுக்காக நடக்கும் மாலை வகுப்பில் பேசிய பேச்சு)



நாள் முழுவதும் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டிப் பேசப் போவதில்லை. ஒரே ஒரு விஷயம். அதை மட்டும் பேசுவோம்.

சற்று முன்னால், 18 வயது முடிந்தவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லாருமே கை தூக்கினீர்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்கள் மட்டும் கையை இறக்க வேண்டாம் என்றேன். பாதிக்கு மேல் கைகள் இறங்கிவிட்டன.

ஏன் என்று கேட்டேன். நீங்கள் சொன்ன பதில்களைக் கரும்பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். படித்துப் பாருங்கள்.

"ஒரு ஓட்டு என்ன செய்யும் அக்கா?"

"எங்களுக்கு ஊரில் ஓட்டு இருக்கிறது."

"யார் வந்தாலும் ஒன்றுதான்."

"அப்பா சொல்கிற இடத்தில் போட வேண்டும். அதற்கு நான் எதற்கு?"

நான்கு பதிலும் யோசிக்க வேண்டிய பதில்தான். நான் உங்களைக் குறை சொல்ல வரவில்லை. முதலில் ஒரு பழைய கதை சொல்கிறேன். பிறகு இந்த நான்கையும் பார்ப்போம்.

பெயர் சொல்லாத பெண்கள்

நம் நாட்டில் முதல் பொதுத் தேர்தல் 1951-52-ல் நடந்தது. அப்போது 21 வயது ஆனவர்களுக்கு ஓட்டு. ஆணா பெண்ணா, ஏழையா பணக்காரரா, படித்தவரா படிக்காதவரா என்று பார்க்கவில்லை. 17 கோடிக்கு மேல் வாக்காளர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது.

எழுத்துத் தெரியாதவர் எப்படி ஓட்டுப் போடுவார்? அதற்குத்தான் சின்னங்கள் வந்தன. இரட்டைக் காளை, விளக்கு, குடிசை, மரம் என்று படங்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் சின்னம் ஒட்டியிருக்கும். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். படிக்காதவரும் ஓட்டுப் போட வழி கிடைத்தது.

ஆனால் வேறு ஒரு தடை இருந்தது. பட்டியல் எழுத அலுவலர்கள் வீடு வீடாகப் போனார்கள். வட இந்தியாவில் பல இடங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய மகள்' என்று மட்டும் சொன்னார்கள். அந்நிய ஆணிடம் பெயர் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

அப்போது தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர் சுகுமார் சென். சொந்தப் பெயர் இல்லாமல் யாரையும் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று அவர் முடிவு செய்தார். இதனால் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம் பெறவில்லை.

அந்தப் பெண்களுக்கு ஓட்டு உரிமை இருந்தது. அரசியல் சட்டம் அதைக் கொடுத்திருந்தது. ஆனால் பெயர் பதியவில்லை. அதனால் உரிமை கைக்கு வரவில்லை. அடுத்த தேர்தலுக்குள் இந்தக் குறை பெருமளவு தீர்ந்தது. பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள்.

இந்தக் கதையை ஏன் சொன்னேன்? அன்று அவர்களுக்கு இருந்தது வழக்கம் என்னும் தடை. இன்று நமக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் நம் பெயர் பட்டியலில் இல்லை.

18 வயதில் வந்த உரிமை

உங்களைப் போன்ற 18 வயதுக்காரர்களுக்கு முதலில் ஓட்டு இல்லை. 1988 டிசம்பரில் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. அது 61-ஆவது திருத்தம். 1989 மார்ச் 28 முதல் ஓட்டு வயது 21-லிருந்து 18 ஆகக் குறைந்தது. அந்த ஆண்டு நடந்த பொதுத் தேர்தலில்தான் 18 வயதுப் பிள்ளைகள் முதன்முதலாக ஓட்டுப் போட்டார்கள்.

கிடைத்த உரிமையை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்? 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன்னால் கணக்குப் பார்த்தார்கள். நாடு முழுவதும் 18, 19 வயதில் இருந்தவர்களில் 100-க்கு 40 பேர் கூடப் பெயர் பதியவில்லை. தலைநகரான டெல்லியில் ஐந்து பேரில் ஒருவர்தான் பதிந்திருந்தார்.

டெல்லி இளைஞர்களுக்கு நாட்டைப் பற்றி அக்கறை இல்லையா? அப்படிச் சொல்ல முடியாது. 2012 டிசம்பரில் ஓடும் பஸ்ஸில் ஒரு இளம்பெண்ணுக்கு நடந்த கொடுமை உங்களுக்குத் தெரியும். அப்போது இந்தியா கேட்டிலும் ரெய்சினா குன்றிலும் திரண்டவர்கள் இளைஞர்கள்தான். குளிரிலும் நின்றார்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்தபோதும் நின்றார்கள். அதன் பிறகு நீதிபதி வர்மா தலைமையில் குழு அமைந்தது. 2013-ல் சட்டமும் கடுமையானது. அக்கறை இருக்கிறது. அந்த அக்கறை பட்டியல் வரை வந்து சேரவில்லை. அவ்வளவுதான்.

மதராசி கேம்ப்

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருவோம். ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரம் மதராசி கேம்ப் இருந்தது. நமக்கு எல்லாம் தெரிந்த இடம். சிலருக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அங்கே குடிசை போட்டு வாழ்ந்தார்கள். வீட்டு வேலை, கூலி வேலை செய்தார்கள். பிள்ளைகளை லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

வடிகாலை அடைக்கிறது என்று சொல்லி அந்தக் குடியிருப்பை அகற்ற டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஜூன் 1 அன்று குடிசைகள் இடிக்கப்பட்டன. ஏறத்தாழ 370 குடிசைகள். கணக்கெடுப்பில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்று வந்தது. அந்த வீடுகளும் டெல்லியின் வடகோடியில், நரேலாவில்.

தகுதியை எப்படிப் பார்த்தார்கள்? டெல்லியில் குடிசைவாசிகளுக்கு மாற்று வீடு தருவதற்கு 2015-ல் வந்த கொள்கை ஒன்று இருக்கிறது. அதில் பல விதிகள். அவற்றில் ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். 2012 முதல் 2015 தொடக்கம் வரை வந்த வாக்காளர் பட்டியல்களில் ஒன்றிலாவது குடியிருப்பவர் பெயர் இருக்க வேண்டும். கணக்கெடுக்கும் ஆண்டின் பட்டியலிலும் இருக்க வேண்டும்.

புரிகிறதா? 2012-ல் 'ஓட்டு எதற்கு' என்று ஒருவர் இருந்திருக்கலாம். பல ஆண்டு கழித்து, வீடு போகும்போது, அந்தப் பழைய பட்டியலைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். 'நீ இங்கேதான் இருந்தாயா?' என்ற கேள்விக்கு அந்தத் தாள் பதில் சொல்கிறது.

நான் ஒன்றை மறைக்க மாட்டேன். ஓட்டு ஒரு தாயத்து அல்ல. மதராசி கேம்பில் ஆண்டாண்டாக ஓட்டுப் போட்டவர்கள் இருந்தார்கள். 2025 பிப்ரவரி 5 அன்று டெல்லி சட்டமன்றத் தேர்தல். நான்கே மாதத்தில் குடிசைகள் போயின. ஓட்டுப் போட்டும் வீடு போனதே என்று அவர்கள் கேட்டால் நம்மிடம் சுலபமான பதில் இல்லை. ஆனால் ஒன்று உண்மை. பட்டியலில் பெயர் இருந்தவர் தன் வழக்கைச் சொல்லக் கையில் ஒரு சான்று இருந்தது. பெயர் இல்லாதவருக்கு அதுவும் இல்லை.

ஒரு ஓட்டு என்ன செய்யும்?

இப்போது கரும்பலகைக்கு வருவோம். முதல் பதில்: ஒரு ஓட்டு என்ன செய்யும்?

அதே 2025 தேர்தலில் ஜங்புரா தொகுதியின் முடிவைப் பாருங்கள். ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 675 ஓட்டு. திரிலோக்புரியில் 392. சங்கம் விகாரில் 344. இவை எல்லாம் நம்மைப் போல் உழைப்பவர்கள் நிறைய வாழும் பகுதிகள். ஒரு தெருவின் ஓட்டு, இரண்டு சந்தின் ஓட்டு, முடிவை மாற்றியிருக்கும். யார் ஜெயித்தார், எந்தக் கட்சி என்று நான் சொல்லப் போவதில்லை. அது நம் பேச்சு அல்ல. கணக்கை மட்டும் பாருங்கள்.

ராஜஸ்தானில் நாத்துவாரா என்று ஒரு தொகுதி. 2008-ல் அங்கே ஒரு பெரிய தலைவர் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. டெல்லி சட்டமன்றத் தேர்தலில் 2015-ல் 100-க்கு 67 பேர் ஓட்டுப் போட்டார்கள். 2020-ல் ஏறத்தாழ 63 பேர். 2025-ல் ஏறத்தாழ 60 பேர். எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. எந்தச் சந்தில் ஓட்டுக் குறைகிறதோ, அந்தச் சந்துக்கு வேட்பாளர் வருவதும் குறையும்.

ஊரில் ஓட்டு இருக்கிறதே!

இரண்டாவது பதில்: ஊரில் ஓட்டு இருக்கிறது.

சரி, ஊரில் ஓட்டுப் போடப் போகிறீர்களா? ரயிலுக்குப் பணம், நான்கைந்து நாள் கூலி நட்டம். போக முடிவதில்லை. ஊரில் இருக்கிற ஓட்டும் போடவில்லை. இங்கே பதியவும் இல்லை. இரண்டு கரையும் இல்லாமல் நிற்கிறோம்.

சட்டம் சொல்வது இதுதான். நீங்கள் வழக்கமாக எங்கே வசிக்கிறீர்களோ அங்கே பதிய வேண்டும். இரண்டு இடத்தில் பெயர் இருக்கக் கூடாது. ஊரில் ஒன்று, டெல்லியில் ஒன்று என்று வைத்துக்கொள்வது தவறு. தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் ஓர் ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

ஊர்ப் பட்டியல் என்றைக்கும் அப்படியே இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். 2025-ல் பீகாரில் பட்டியலை முழுவதும் திருத்தினார்கள். வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இல்லை. பிறகு தமிழ்நாட்டிலும் அதே வேலை நடந்தது. 2025 டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இரு முறை பதிந்தவர்கள் போக, இடம் மாறிப் போனவர்கள் என்று நீக்கப்பட்டவர்களே மிக அதிகம். பிழைக்க வெளியூர் போனவர்களின் கதை அது.

யார் வந்தாலும் ஒன்றுதானா?

மூன்றாவது பதில். இதுதான் கனமான பதில். யார் வந்தாலும் ஒன்றுதான்.

இப்படிச் சொல்லும்போது உங்கள் மனதில் என்ன இருக்கிறது? தண்ணீர் வரவில்லை. சாக்கடை நாறுகிறது. குடிசையை எப்போது இடிப்பார்களோ என்ற பயம். சரிதான். ஆனால் இந்த மூன்றுக்கும் பொறுப்பு ஒரே ஆள் அல்ல.

டெல்லியில் மூன்று தேர்தல் உண்டு. குப்பை, தெருச் சாக்கடை, ஆரம்பப் பள்ளி இவற்றை மாநகராட்சி பார்க்கிறது. அதற்கு 250 வார்டுகள். குடிநீர், பெரிய பள்ளிகள், ஆஸ்பத்திரி இவற்றை டெல்லி அரசு பார்க்கிறது. அதற்கு 70 சட்டமன்றத் தொகுதிகள். போலீசும் நிலமும் மத்திய அரசின் கையில். அதற்கு டெல்லியிலிருந்து 7 மக்களவை உறுப்பினர்கள்.

சாக்கடைக்கு யாரைக் கேட்பது, நிலத்துக்கு யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால், 'அது என் வேலை இல்லை' என்று ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார். நமக்கு எல்லாரும் ஒன்றுபோலவே தெரிவார்கள். யார் எதற்குப் பொறுப்பு என்று தெரிந்துகொண்டு ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேள்வி கேளுங்கள். 'எங்கள் சந்துக்குத் தண்ணீர்க் குழாய் எப்போது?' என்று கேளுங்கள். அவர் சொன்ன பதிலை நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். எழுதப் படிக்கக் கற்றது இதற்கும்தான்.

எல்லாரையும் பார்த்த பிறகும் யாரும் பிடிக்கவில்லையா? அதற்கும் ஒரு பொத்தான் உண்டு. 'நோட்டா' என்பார்கள். மேலே உள்ள எவருக்கும் இல்லை என்று பொருள். 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. அந்த ஆண்டு டெல்லித் தேர்தலிலும் இருந்தது. ஆனால் நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்துவிடுவார். உங்கள் அதிருப்தி கணக்கில் ஏறும். அவ்வளவே. வீட்டில் படுத்திருந்தால் அதுவும் ஏறாது.

அப்பா சொல்கிற இடத்தில்தானா?

நான்காவது பதில். இதைச் சொன்னது ஒரு தங்கை. மெதுவான குரலில் சொன்னாள்.

அப்பாவிடம் கேளுங்கள். அண்ணனிடம் கேளுங்கள். கணவரிடம் பேசுங்கள். பேசுவது நல்லது. ஆனால் மறைப்புக்குள் போகும்போது உங்களோடு யாரும் வர முடியாது. பொத்தானை அழுத்துவது உங்கள் விரல். பக்கத்தில் உள்ள இயந்திரத்தில், நீங்கள் தேர்ந்தெடுத்த சின்னம் உள்ள சீட்டு 7 விநாடி தெரியும். பிறகு உள்ளே விழுந்துவிடும். யாருக்குப் போட்டீர்கள் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. நீங்களாகச் சொன்னால்தான் உண்டு.

பணமோ புடவையோ கொடுத்துச் சத்தியம் வாங்குவார்கள். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம். வாங்குவதும் குற்றம்.

எப்படிப் பதிவது?

வேலை கடினம் இல்லை. கவனம்தான் வேண்டும்.

புதிதாகப் பெயர் சேர்க்க 6-ஆம் எண் படிவம். வயதுக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று, ஒரு போட்டோ. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய தேதிகளில் எது அன்று 18 நிறைகிறதோ அதை வைத்துச் சேர்ப்பார்கள். 17 வயது முடிந்தவர் முன்கூட்டியே மனுக் கொடுக்கலாம். பி.எல்.ஓ. என்று சொல்லும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் படிவம் கொடுக்கலாம். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

வீடு மாறினால் 8-ஆம் எண் படிவம். மதராசி கேம்பிலிருந்து நரேலா போனவர்களுக்கு இது முக்கியம். ஜங்புரா வேறு தொகுதி, நரேலா வேறு தொகுதி.

வீடே இல்லாதவர்? நடைபாதையில், பாலத்தடியில் தூங்குகிறவர்? அவருக்கும் ஓட்டு உண்டு. முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். அவர் சொல்லும் இடத்துக்கு அலுவலர் இரவில் வருவார். அங்கேதான் தூங்குகிறார் என்று ஒரு நாளுக்கு மேல் வந்து பார்த்து உறுதி செய்து சேர்ப்பார்.

தமிழர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. டெல்லியில் பட்டியல் இந்தியில் வரும். இந்தியில் ழகரத்துக்கு வழக்கமான எழுத்து இல்லை. 'அன்பழகன்' என்ற பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொரு தாளில் வேறு மாதிரியும் வரும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். ஒரு அட்டையில் அப்பா பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால். ஆகவே ஆதார், ரேஷன் அட்டை, பள்ளிச் சான்று எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தப்பு இருந்தால் அதே 8-ஆம் படிவத்தில் திருத்தலாம்.

என் கதை ஒன்று சொல்கிறேன். ஒரு தேர்தலுக்கு அட்டையை எடுத்துக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். பட்டியலில் என் பெயர் இல்லை. அந்த ஆண்டு வீடு மாறியிருந்தோம். நான் போய்ப் பார்க்கவே இல்லை. அட்டை இருக்கிறதே என்ற தைரியம். என் தவறுதான். மையில்லாத விரலோடு திரும்பி வந்தேன். அன்று தெரிந்துகொண்டேன்: அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டு இல்லை. பெயர் இருந்து அட்டை தொலைந்துபோனால், ஆதார் போன்ற வேறு அடையாளம் காட்டி ஓட்டுப் போடலாம்.

ஓட்டு நாளில் கூலி போய்விடும் என்ற கவலை வேண்டாம். அன்று சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தினக்கூலிக்காரருக்கும் அது பொருந்தும்.

தம்பிகளே, தங்கைகளே, முதல் தேர்தலில் 28 லட்சம் பெண்கள் பெயர் சொல்லாமல் விடுபட்டார்கள். நீங்கள் உங்கள் பெயரை உங்கள் கையாலேயே எழுதக் கற்றிருக்கிறீர்கள். அதை இரண்டாவது இடமாக வாக்காளர் பட்டியலில் எழுதச் செய்யுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் இங்கே வாருங்கள். படிவத்தைச் சேர்ந்து நிரப்புவோம். எழுதத் தெரிந்தவர் தெரியாதவருக்கு உதவட்டும்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வீட்டில் 18 வயது முடிந்தவர்கள் எத்தனை பேர்? எத்தனை பேரின் பெயர் பட்டியலில் இருக்கிறது?

2. உங்கள் தெருவில் உள்ள மூன்று குறைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மாநகராட்சி, டெல்லி அரசு, மத்திய அரசு, இவற்றில் யார் பொறுப்பு?

3. ஓட்டுப் போட்டும் வீடு இழந்தவர் 'இனி எதற்கு ஓட்டு?' என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?